சர்க்கரை மாத்திரையும் கல்லீரலும்: வாட்ஸ்அப்பில் வந்த பாதிக் கதை

போன மாசி மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு என் பழைய ஷிப்ட் நண்பரின் மனைவி போன் செய்தார். "அண்ணா, ஒரு நடை வந்துட்டுப் போங்க. இவர் கண்ணு எனக்குச் சரியாப் படல."

ராயக்கோட்டை ரோட்டில் வீடு. போய்ப் பார்த்தால் மனிதர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கண் இரண்டும் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி. பத்து நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லையாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதாம். பித்தம் என்று அவராகவே முடிவு செய்து, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"சுகர் மாத்திரை போடறியா?" என்றேன்.

"அதை நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. அது லிவரைத் தின்னுடுமாம். அமெரிக்காவிலேயே தடை பண்ணிட்டான், நமக்குத்தான் கொடுக்கறான்" என்று போனை எடுத்துக் காட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. மாத்திரைக்குப் பதிலாக கூரியரில் ஒரு மூலிகைப் பொடி வரவழைத்து, காலையும் மாலையும் ஒரு ஸ்பூன் வெந்நீரில் சாப்பிட்டு வந்திருக்கிறார். நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், சீந்தில் எல்லாம் சேர்ந்தது என்று சொல்லி விற்றார்களாம். நிறுத்திய மாத்திரை மெட்பார்மின். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தாரே, மக்களைத் தேடி மருத்துவம், அந்தத் திட்டத்தில் வீடு தேடி வந்து கொடுத்த மாத்திரை. கொண்டுவரும் பெண்ணின் மனம் நோகக்கூடாது என்று வாங்கி வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

அன்றே பெங்களூர் கொண்டுபோனோம். எஸ்.ஜி.பி.டி. என்று ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு வரி வருமே, நாற்பதை ஒட்டி இருக்க வேண்டியது, அவருக்கு 1,140.

அவருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்குள் உறுத்தியது அந்த வாட்ஸ்அப் செய்திதான். முழுப் பொய்யாக இருந்தால் விட்டுவிடலாம். அதில் ஒரு வரி உண்மை. சர்க்கரை மாத்திரை ஒன்று கல்லீரலைக் கெடுத்ததும் அமெரிக்காவில் அதை விற்பனையிலிருந்து எடுத்ததும் நடந்தவைதான். ஆனால் அந்த மாத்திரை மெட்பார்மின் அல்ல. அதன் பெயர் ட்ரோக்ளிடசோன். கடைப்பெயர் ரெசுலின்.

நம் வயதுக்காரர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் பெரும்பாலும் இன்சுலின் இல்லாமல் போவதில்லை. இருக்கிறது, வேலை செய்வதில்லை. சிப்காட் கம்பெனி ஒன்றின் கேட்டில் சரக்கு லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்று வையுங்கள். லாரி சர்க்கரை, ஆரன் இன்சுலின். வாட்ச்மேன் தூங்குகிறான். பழைய மாத்திரைகளில் பெரும்பாலானவை கணையத்தைப் பிழிந்து இன்னும் பலமாக ஆரன் அடிக்கவைப்பவை. வாட்ச்மேனையே எழுப்பினால் என்ன என்று ஜப்பானில் சாங்கியோ என்ற கம்பெனியின் விஞ்ஞானிகள் யோசித்துச் செய்ததுதான் ட்ரோக்ளிடசோன். மூலக்கூறின் ஒரு பகுதியை வைட்டமின் ஈ போலவே அமைத்தார்கள், அதுவும் உடம்புக்கு நல்லது செய்யட்டும் என்று. நல்ல யோசனைதான். இதே இனத்தில் பின்னால் ரோசிக்ளிடசோன், பயோக்ளிடசோன் வந்தன.

அமெரிக்காவில் இதை விற்க எடுத்துக்கொண்டது வார்னர்-லாம்பர்ட் கம்பெனி, அதன் பார்க்-டேவிஸ் பிரிவு வழியாக. அங்கே மருந்துக்கு அனுமதி தரும் எப்.டி.ஏ. இதை வேகப் பாதையில் போட்டது. சாதாரணமாக ஒரு வருடமோ மேலோ ஆகும் ஆய்வை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். கோப்பு போன இடம் ஜான் கெரிகியன் என்ற மூத்த மருத்துவ அதிகாரியின் மேசை. படித்துப் பார்த்த அவர், இந்த மருந்து கல்லீரலைத் தாக்கக்கூடும், இதயத்தின் விஷயத்திலும் சந்தேகம் இருக்கிறது, இருக்கிற மருந்துகளைவிட இதில் பெரிய லாபமும் இல்லை என்று அனுமதிக்கு எதிராக எழுதினார். அவர் பேசும் விதம் சரியில்லை என்று கம்பெனி மேலிடத்தில் புகார் செய்தது. 1996 நவம்பரில் கோப்பு அவர் கையை விட்டுப் போனது. டிசம்பரில் கூடிய வெளி நிபுணர் குழுவின் பார்வைக்கு அவர் எழுதிய எச்சரிக்கை போகவே இல்லை. 1997 ஜனவரி 29-ல் அனுமதி கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. முப்பது வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். மாதக் கடைசி, டெஸ்பாட்ச் லாரி கேட்டில் நிற்கும். அளவில் துளி கூடுதலாக இருக்கும் பீஸ்களுக்குச் சிவப்பு டேக் கட்டிவிட்டு வருவேன். மறுநாள் காலையில் டேக் இருக்காது, பீஸும் இருக்காது. 'டீவியேஷன்' என்று ஒரு தாளில் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டொரு முறை ரொம்பப் பேசியதற்கு என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். என் விஷயத்தில் கெட்டுப்போனால் ஒரு புஷ் தேயும், வண்டிக்காரன் திட்டுவான். அவ்வளவுதான். கெரிகியன் கட்டிய டேக் அப்படிப்பட்டதல்ல.

அவர் எதைப் பார்த்துப் பயந்தார்? கம்பெனி தன் மருந்தைச் சுமார் 2,500 பேருக்குக் கொடுத்துச் சோதித்திருந்தது. அதில் 48 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 1.9 பேருக்கு, நான் மேலே சொன்ன எஸ்.ஜி.பி.டி. இயல்பு அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் இது நூற்றுக்கு 0.6. ஏறியவர்களில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலையும் வந்தது. மருந்தை நிறுத்தியதும் இருவருக்கும் சரியாகிவிட்டது. யாரும் சாகவில்லை. அதனால் பெரிய விஷயமில்லை என்று தோன்றும்.

ஹைமன் சிம்மர்மன் என்று ஒரு அமெரிக்க மருத்துவர், மருந்தால் கெடும் கல்லீரலைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்தவர். அவர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். மருந்தால் எஸ்.ஜி.பி.டி. மட்டும் ஏறினால் பல சமயம் தானே இறங்கிவிடும். அதோடு காமாலையும் சேர்ந்தால், அப்படிப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் பிழைக்கமாட்டார். அவர் பெயரால் இதை 'ஹையின் விதி' என்பார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,500 பேரில் இரண்டு காமாலை என்றால், 25,000 பேரில் இருபது காமாலை, இரண்டு சாவு. பத்து லட்சம் பேர் சாப்பிட்டால்? சோதனையில் ஒருவரும் சாகவில்லை என்பது மருந்தின் நல்ல குணத்தைக் காட்டவில்லை, சோதித்த எண்ணிக்கை குறைவு என்பதைத்தான் காட்டியது.

கல்லீரலுக்கு இன்னொரு குணம் உண்டு. வாய்விட்டுச் சொல்லாது. பல்வலி போல, மூட்டுவலி போல அது வலிப்பதில்லை. கொஞ்ச பாகம் கெட்டாலும் மிச்சம் உள்ள பாகம் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். நாம் சாப்பிடும் பல மருந்துகள் அங்கேதான் உடைபட்டுக் கழிகின்றன. கோடிப் பேருக்கு ஒழுங்காக உடைபடும் மருந்து, யாரோ சிலருக்கு மட்டும் உடையும்போது விஷமாகிவிடும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ட்ரோக்ளிடசோன் அந்த ரகம். கண் மஞ்சளாகிற அன்று நாம் விழித்துக்கொள்கிறோம். கல்லீரல் அதற்குப் பல வாரம் முன்பே தாளில் எழுதிக்கொடுத்திருக்கும்.

1997 மார்ச்சில் விற்பனை தொடங்கியது. இலையுதிர் காலத்துக்குள் கல்லீரல் செயலிழந்தவர்கள், இறந்தவர்கள் பற்றிய தகவல்கள் வரத் தொடங்கின. பிரிட்டனில் அதே மருந்தை ரோமோசின் என்ற பெயரில் கிளாக்ஸோ வெல்கம் அக்டோபரில்தான் கடைக்கு அனுப்பியிருந்தது. டிசம்பர் 1-ம் தேதி எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கூட விற்கவில்லை.

அமெரிக்காவில் எடுக்கவில்லை. மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிடுங்கள் என்று அட்டையில் அச்சடித்தார்கள். அந்த எச்சரிக்கையை நான்கு முறை கடுமையாக்கினார்கள். தாளில் இருந்ததே தவிர, சொன்னபடி மாதம் தவறாமல் ரத்தம் கொடுத்தவர்கள் மிகச் சிலர் என்று பின்னால் எப்.டி.ஏ. ஆட்களே கணக்கெடுத்து எழுதினார்கள். இதில் நாம் அமெரிக்கக்காரனைக் குறை சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1சி. பார்க்கச் சொல்கிறார் டாக்டர். நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்?

சரி, மாதம் தவறாமல் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாமா? அதற்கும் ஒரு பதில் வந்தது, மிகவும் கொடுமையான பதில். அந்தச் சமயத்தில் அமெரிக்க அரசின் பணத்தில், சர்க்கரை வரும் நிலையில் இருப்பவர்களுக்கு அதை வராமல் தடுக்க முடியுமா என்ற பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு பிரிவுக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும், ஒரு பிரிவுக்கு மெட்பார்மின், ஒரு பிரிவுக்கு மாவு மாத்திரை. நான்காவது பிரிவுக்கு ட்ரோக்ளிடசோன், 585 பேர். அதில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் ஊரைச் சேர்ந்த 55 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவரும் இருந்தார். இவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது, வரக்கூடும் என்ற நிலைதான். ஆராய்ச்சியில் இருந்ததால் டாக்டர்களின் கண்காணிப்பிலேயே இருந்தவர். கல்லீரல் செயலிழந்து, மாற்று அறுவைச் சிகிச்சையும் செய்து, 1998 மே மாதம் இறந்துபோனார். ஜூன் 4-ல் அந்தப் பிரிவையே மூடினார்கள். வராத நோய்க்கு மருந்து சாப்பிட்டு ஒரு ஆசிரியை செத்துப்போனார் என்பதை நான் இரண்டு மூன்று முறை திரும்பப் படித்தேன்.

அப்போதும் கடையிலிருந்து மருந்து போகவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் பத்திரிகையின் டேவிட் வில்மன் 1998 டிசம்பரிலிருந்து இதைத் தோண்டித் தோண்டி எழுதினார். கெரிகியன் கோப்பு கைமாறிய கதையும், அரசின் சர்க்கரை ஆராய்ச்சியை நடத்திய மூத்த அதிகாரி ஒருவர் அதே கம்பெனியிடம் ஆலோசகராகப் பணம் வாங்கிய கதையும் அவர் எழுதித்தான் ஊருக்குத் தெரிந்தன. 1999 மார்ச்சில் நிபுணர் குழு மறுபடி கூடி, பதினொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மருந்து இருக்கட்டும் என்றது. அடுத்த ஒரு வருடத்தில் அதே இனத்தில் கல்லீரலுக்கு ஆபத்துக் குறைந்த இரண்டு மருந்துகள் வந்துவிட்டதால், இனி சாக்குச் சொல்ல வழியில்லாமல், 2000 மார்ச் 21-ல் ரெசுலின் போனது. அதற்குள் சுமார் இருபது லட்சம் பேர் சாப்பிட்டிருந்தார்கள். 63 பேர் கல்லீரல் கெட்டு இறந்ததாக அப்போது எப்.டி.ஏ. கணக்குச் சொன்னது. பிரிட்டன் எடுத்த நாளுக்கும் இதற்கும் நடுவே இரண்டேகால் ஆண்டு. வில்மனுக்கு 2001-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

வாட்ஸ்அப் செய்தியின் அடுத்த வரி, "நமக்குத்தான் கொடுக்கறான்." இதிலும் கால்பங்கு உண்மை இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். மெட்பார்மினுக்கு ஒரு தாயாதி மருந்து, பென்பார்மின். ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிக் கொல்கிறது என்று 1970-களின் கடைசியிலேயே அமெரிக்கா எடுத்துவிட்டது. இந்தியா அதைத் தடை செய்தது 2003 அக்டோபரில். கால் நூற்றாண்டு! ரோசிக்ளிடசோன் இதயத்துக்கு ஆகாது என்ற சர்ச்சையில் 2010 செப்டம்பரில் ஐரோப்பா நிறுத்தியது. நாம் அதே வருடம் நவம்பரில் தடை செய்தோம். அந்த அளவுக்குத் தேறிவிட்டோம்.

பயோக்ளிடசோன் கதை எனக்கே நடந்தது. 2013 ஜூன் 18-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அதன் விற்பனையை நிறுத்திவைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகம். எனக்கு டாக்டர் அதைத்தான் எழுதியிருந்தார். வழக்கமாக வாங்கும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டை நீட்டினேன். "இது வராது சார், சஸ்பெண்ட் ஆயிடுச்சு." நான் ஓசூர்க்காரன் புத்தியில், "அப்ப அத்திப்பள்ளியில கிடைக்குமா?" என்றேன். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் விலை வேறு, சட்டம் வேறு என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் ஓடிப் பழகியவர்கள் அல்லவா நாம். கடைக்காரப் பையன் சிரித்தான். "சார், இது பெட்ரோல் இல்ல. டெல்லி போட்ட ஆர்டர்." டாக்டர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவிக்க, ஜூலை 31-ல் தடையை விலக்கினார்கள். முதல் மருந்தாக இதைக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு திரும்ப வந்தது.

ஒரு வேடிக்கை. ட்ரோக்ளிடசோனின் இனம்தான் பயோக்ளிடசோன். ஆனால் இதில் அந்த வைட்டமின் ஈ வால் கிடையாது. கல்லீரலில் கொழுப்புப் படிந்து வீங்குகிறவர்களில் சிலருக்கு இன்று டாக்டர்கள் இதையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவன் கொலைகாரன், தம்பி அதே வீட்டுக்கு வைத்தியன். குடும்பப் பெயரை வைத்து 'சர்க்கரை மாத்திரை எல்லாமே லிவருக்கு ஆகாது' என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதற்கு இது போதும். மெட்பார்மினோ அந்தக் குடும்பமே அல்ல. அது கல்லீரலில் உடைபடுவதுகூட இல்லை. சிறுநீரில் அப்படியே வெளியேறிவிடும். அதனால்தான் டாக்டர் அதற்குக் கிரியேட்டினின் பார்க்கச் சொல்கிறார். சிறுநீரகம் மோசமானாலோ, கல்லீரல் ஏற்கெனவே மிகவும் கெட்டிருந்தாலோ அதை அவரே நிறுத்துவார்.

நம் சென்னையிலும் மெட்பார்மினைச் சோதித்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006-ல் வெளியிட்டது. ஒன்றும் செய்யாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் உணவும் கவனித்தவர்களில் 39, மெட்பார்மின் சாப்பிட்டவர்களில் 40 அல்லது 41. இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் கூடுதல் பலன் இல்லை. அமெரிக்கா மாதிரி நாலாவது பிரிவு இங்கே இல்லை. ட்ரோக்ளிடசோன் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

இனி அந்தப் பொடி. சீந்தில் கொடியைப் பற்றி நானும் கேட்டு வளர்ந்தவன்தான். எங்கள் பாட்டி காய்ச்சலுக்குக் கொடுப்பார், எப்போதோ ஒரு நாள், ஒரு மடக்கு. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி என்று நாடே அதை மாதக்கணக்கில் குடித்தது. 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அதே இனத்து வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அடுத்த வருடம் நாட்டின் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் விவரம் வெளிவந்தது. பலருக்கு அவர்களின் உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் அறிகுறி இருந்தது. சாப்பிடத் தொடங்கி ஒன்றரை மாத வாக்கில் தொந்தரவு வந்திருக்கிறது. ரெசுலினுக்காவது சோதனைத் தாள் இருந்தது, டேக் கட்ட ஒரு கெரிகியன் இருந்தார். கூரியர் பொடிக்கு அதுவும் கிடையாது.

நண்பருக்கு வைரஸ் சோதனைகள் எல்லாம் இல்லை என்று வந்தன. டாக்டர் பொடி டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'தேர்ந்தெடுத்த மூலிகைகள்' என்று மட்டும் அச்சடித்திருந்தது. இதுதான் காரணம் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இதை நிறுத்துங்கள், கீழாநெல்லியும் வேண்டாம் என்றார். ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். 1,140 என்பது 600 ஆகி, 210 ஆகி, வைகாசி கடைசியில் 44-க்கு வந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர் மெட்பார்மினை மறுபடி எழுதினார். அதுவரை இன்சுலின் ஊசி.

ஆனியில் ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது, மாத்திரை கொடுக்கும் அந்தப் பெண் வந்தார். நண்பரின் மனைவி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் கவிழ்த்தார். பிரிக்காத அட்டைகள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு நண்பரைப் பார்த்து, "ஏன் அய்யா, மாசாமாசம் கேட்டேனே, சாப்பிடறீங்களான்னு?" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.